வீட்டை அழகாக்கும் போட்டியில் ஜெயித்தவருக்கு ஏன் டிவி நிகழ்ச்சி பரிசு?

நம்ம ஊரில் பாட்டுப் போட்டியில் ஜெயித்தவருக்கு வீடு பரிசாகக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அங்கே வீட்டை அலங்கரிக்கும் போட்டியில் ஜெயித்தால் டிவி நிகழ்ச்சி பரிசு. ஜெயித்தவர் அடுத்த வருடமே, சிலசமயம் அடுத்த மாதமே, தனக்கென்றே தொடங்கும் ஒரு புது நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக வந்து நிற்பார்.

முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஒருவர் நன்றாக வீடு அலங்கரிக்கிறார் என்றால் அவருக்கு நாலு வீடு அலங்கரிக்கும் வேலையைத்தானே கொடுக்க வேண்டும், மைக்கைக் கையில் கொடுத்து கேமரா முன்னால் நிறுத்துவானேன்? அலங்காரம் தெரிந்தவருக்குப் பேசத் தெரியும் என்று யார் சொன்னது? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், இந்த மாதிரிப் போட்டிகளை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும், யார் ஜெயிப்பார் என்பதைக்கூட நாலாவது எபிசோடிலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

சேனலிலிருந்து தொடங்குவோம். ஹெச்ஜிடிவி என்று ஒரு அமெரிக்க சேனல், விரித்துச் சொன்னால் ஹோம் அண்ட் கார்டன் டெலிவிஷன். 1994 டிசம்பர் 30 அன்று டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்திலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் வீடு, வீடு, வீடுதான். வீடு வாங்குவது, விற்பது, சுவரை உடைப்பது, சமையலறையை மாற்றிக் கட்டுவது, பெயின்ட் அடிப்பது, தோட்டம் போடுவது. சண்டை, அழுகை, கொலை எதுவும் கிடையாது என்பதாலேயே டாக்டர் கிளினிக்கிலும் ஏர்போர்ட்டிலும் ஓடவிட வசதியான சேனல். கேட்டால் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது என்று தோன்றும், ஆனால் முப்பது வருடமாக ஓடுகிறது.

இப்படி ஒரே விஷயத்தை நாள் முழுக்கக் காட்டும் சேனலுக்கு இருக்கும் பெரிய தலைவலி, முகங்கள். சுவர் எல்லா எபிசோடிலும் சுவர்தான், சோபா எல்லா எபிசோடிலும் சோபாதான். இந்த நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் வித்தியாசம் காட்டுவது அதை நடத்துகிற ஆள். நடிகர்களைக் கூட்டிவந்தால் அவர்களுக்குத் துணியின் பெயரும் தெரியாது, பலகை அறுக்கவும் வராது. ஊரில் பெரிய இன்டீரியர் டிசைனர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கு நேரமில்லை, வந்தாலும் பலர் கேமரா முன்னால் மரக்கட்டையாக நிற்பார்கள். ஆக, வேலையும் தெரிந்து வாயும் இருக்கிற ஆள் வேண்டும், சம்பளமும் கட்டுப்படியாக வேண்டும். எங்கே தேடுவது?

இந்தத் தேடலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1996-இல் பிரிட்டனில் பிபிசி "சேஞ்சிங் ரூம்ஸ்" என்று ஒன்றைத் தொடங்கியது. இரண்டு வீட்டுக்காரர்கள் சாவியை மாற்றிக்கொண்டு ஒருவர் வீட்டில் இன்னொருவர் ஒரு அறையை மாற்றியமைக்க வேண்டும், கூடவே ஒரு டிசைனர் இருப்பார். அதையே 2000-இல் அமெரிக்காவில் டிஎல்சி சேனல் "டிரேடிங் ஸ்பேசஸ்" என்று எடுத்தது. இரண்டு நாள், அறைக்கு ஆயிரம் டாலர், அவ்வளவுதான் கணக்கு. அதில் ஒரு டிசைனர் ஒரு வீட்டுச் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டிவைத்தது இன்றைக்கும் பேசப்படுகிறது. (அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பிய்த்தெடுக்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) சேனல்காரர்கள் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: ஜனங்கள் அறையை மறந்துவிடுகிறார்கள், டிசைனரை மறப்பதில்லை. அதற்கு முன்பு பணக்காரர் வீட்டு வாசலோடு நின்றுவிட்ட இன்டீரியர் டிசைனர் என்ற தொழிலுக்கு டிவியில் ஒரு முகம் கிடைத்தது அப்போதுதான்.

சரி, இப்போது போட்டிக்கு வருவோம். ஹெச்ஜிடிவியும் ஃபுட் நெட்வொர்க் என்ற சமையல் சேனலும் அப்போது ஸ்கிரிப்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2005-இல் சமையல் சேனலில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள்: போட்டி வைப்போம், ஜெயித்தவருக்குச் சொந்த சமையல் நிகழ்ச்சி கொடுப்போம். அது எடுபட்டது. அடுத்த வருடம், 2006 ஜூலையில், அதே சூத்திரம் வீட்டுச் சேனலுக்கும் வந்தது. பெயர் "டிசைன் ஸ்டார்".

ஆட்ட விதிகள் பெரிதாக ஒன்றுமில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரே வீட்டில் தங்கவைப்பார்கள். வாரம் ஒரு வேலை. சிலசமயம் எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டை முடிக்க வேண்டும், சிலசமயம் தனித்தனி அறை. நேரமும் பணமும் வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கப்படும். வாரா வாரம் ஒருவர் வெளியே. பின்வந்த சீசன்களில் பிரபலமான ஒரு சுற்று, வெள்ளைப் பெட்டி சவால். தரை, சுவர், கூரை எல்லாம் வெள்ளையாக ஒரு அறையைக் கொடுத்துவிட்டு, இதை உன் ஆளுமை தெரிகிற மாதிரி மாற்று என்பார்கள். அதற்கான பொருட்களை வாங்கப் பர்னிச்சர் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், வீட்டு அலங்காரத்துக்குச் சம்பந்தமே இல்லாத கடைக்கு அனுப்புவார்கள். ஒரு பொருளைப் பார்த்ததும் அது வேறு என்னவாக ஆகலாம் என்று கண் தேடுகிறதா என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தச் சுற்றை மட்டும் இப்போதும் ரசித்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் போட்டியின் சூட்சுமம் அறைகளில் இல்லை. நடுவர் மேசையைக் கவனியுங்கள். தொடக்கத்திலிருந்து பல சீசன்கள் உட்கார்ந்திருந்தவர் வெர்ன் யிப், "டிரேடிங் ஸ்பேசஸ்" மூலம் வீடுவீடாகத் தெரிந்த டிசைனர். பிறகு சேர்ந்த ஜெனவீவ் கோர்டரும் அதே நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். இன்னொருவர் கேண்டிஸ் ஓல்சன், கனடாவில் தொடங்கிய தன் சொந்த நிகழ்ச்சியால் புகழ்பெற்றவர். கட்டடக்கலைப் பேராசிரியர்களை உட்காரவைக்கவில்லை பாருங்கள். டிவியில் டிசைனராக இருப்பது என்றால் என்ன என்று அனுபவித்துத் தெரிந்தவர்களை உட்காரவைத்தார்கள். வேலையைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கிற கேள்விகளும் அப்படித்தான் இருக்கும்: இந்த நிறத்தை ஏன் எடுத்தாய், அதைப் பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல். முணுமுணுத்துப் பதில் சொன்னால் அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆபத்து. பிந்தைய சீசன்களில் கேமரா சவால் என்றே தனியாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். அறையை முடித்த கையோடு, தலையில் பெயின்ட் ஒட்டியிருக்கும்போதே, லென்ஸைப் பார்த்து ஒரு சின்ன விஷயத்தை விளக்கிக் காட்ட வேண்டும்.

2013-இல் வந்த எட்டாவது சீசனுக்கு அந்தப் போட்டியின் பெயரையே "ஹெச்ஜிடிவி ஸ்டார்" என்று மாற்றினார்கள். டிசைன் என்ற சொல்லே போய்விட்டது. நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவர்களே போர்டு எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஆகவே இது பல வாரம் நீள்கிற ஒரு ஆடிஷன். சேனல் தனக்கு ஒரு தொகுப்பாளரைத் தேடுகிறது, அந்தத் தேடலையே நிகழ்ச்சியாக்கி அதற்கும் விளம்பரம் வாங்கிக்கொள்கிறது. தமிழ் டிவி பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. "கலக்கப்போவது யாரு" ஜெயித்த சிவகார்த்திகேயன் அதே சேனலில் "அது இது எது" நடத்தியது நினைவிருக்கும். அங்கே தொகுப்பாளர் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. "டிசைன் ஸ்டா"ரில் அது முதல் நாளிலிருந்தே அறிவிக்கப்பட்ட பரிசு.

சேனலுக்கு இதில் லாபம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் தெரியாத ஒருவரை வைத்துப் புது நிகழ்ச்சி தொடங்கினால், யார் இவர் என்று ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தவே தனியாகச் செலவாகும். போட்டி நடத்தினாலோ, புது நிகழ்ச்சி தொடங்கும்போது அந்த முகம் ஏற்கனவே பல லட்சம் வீட்டுக்குப் பழகியிருக்கும். அவர் அழுததைப் பார்த்திருப்பார்கள், ஒருமுறை வெளியேறப்பார்த்துத் தப்பியதையும் பார்த்திருப்பார்கள். முதல் சீசனில் கடைசி முடிவை நேயர்கள் ஓட்டுக்கே விட்டார்கள். ஓட்டுப் போட்டவர் தான் ஜெயிக்கவைத்த ஆளின் நிகழ்ச்சியை ஒருமுறையாவது எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? பேரம் பேசும் வசதியும் சேனலுக்கு. இந்த வகைப் போட்டிகளில் பொதுவாகக் கலந்துகொள்வதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், ஜெயித்த பிறகு உட்கார்ந்து பேசிச் சம்பளம் கூட்டிக் கேட்க அதிக இடம் இருக்காது.

முதல் ஆள்

முதல் சீசனில் ஜெயித்தவர் டேவிட் பிரோம்ஸ்டாட். மின்னசோட்டா மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் வளர்ந்தவர், ஃபுளோரிடாவில் இருக்கும் ரிங்லிங் கலைக் கல்லூரியில் படித்தவர், ஓர்லாண்டோவில் டிஸ்னிக்கு ஓவியராக வேலை பார்த்தவர், அப்புறம் குழந்தைகளுக்கான கற்பனைப் படுக்கையறைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். அதாவது வழக்கமான இன்டீரியர் டிசைனர் வழியில் வந்த ஆள் கிடையாது. படம் வரைகிறவர். நிறத்தைக் கண்டு பயமில்லாதவர். உடம்பில் குத்திய பச்சை, முகத்தில் சிரிப்பு.

அவருக்குக் கொடுத்த நிகழ்ச்சி "கலர் ஸ்பிளாஷ்", 2007-இல் தொடங்கியது. ஒரு புது நிகழ்ச்சியை ஒரு ஆளுக்கு எப்படி அளவெடுத்துத் தைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவருக்கு வரைய வரும், நிறம் பிடிக்கும். ஆக, நிகழ்ச்சியின் மையமே நிறம். அறைக்கென்று அவரே ஒரு ஓவியம் வரைவார், அதில் இருக்கும் நிறங்கள் சுவருக்கும் திரைக்கும் குஷனுக்கும் போகும். வெளிறிய பழுப்பில் கிடந்த அறை அரை மணி நேரத்தில் வேறொன்றாகிவிடும். மரவேலை அவருக்குப் பலமில்லை, அதற்கு டேனியல் ஹெர்ஷ் என்ற தச்சர் கூட வந்தார். பெண் தச்சர். இருவருக்கும் நடுவில் ஓடிய கிண்டல்தான் நிகழ்ச்சியை அலுக்காமல் வைத்தது. முதலில் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்தார்கள், பிற்பாடு மயாமிக்கு மாற்றினார்கள்.

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அடுத்தது. பிரோம்ஸ்டாட்டை இன்றைக்கு அமெரிக்காவில் தெருவில் நிறுத்திப் பேசுகிறவர்களில் பலருக்கு அவர் வேறொரு நிகழ்ச்சியால்தான் தெரியும். 2015-இல் தொடங்கிய "மை லாட்டரி டிரீம் ஹோம்". லாட்டரியில் பணம் விழுந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வீடு காட்டுவார், அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதில் அவர் சுவருக்கு நிறம் அடிப்பதில்லை, ஓவியம் வரைவதில்லை. டிசைன் போட்டியில் ஜெயித்தவரின் மிக நீண்ட நிகழ்ச்சியில் டிசைனே கிடையாது! கூட நடந்து, அவர்கள் சந்தோஷத்தில் தானும் சந்தோஷப்பட்டு, குளியல் தொட்டியில் ஏறி உட்கார்ந்து, பத்து வருடத்துக்கும் மேலாக அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இது ஒரு ஆளுக்கு மட்டும் நடந்த விபத்தாகத் தெரியவில்லை. அதே 2006-இல் அந்தச் சமையல் சேனல் போட்டியில் ஜெயித்த கய் ஃபியரியைப் பாருங்கள். பரிசாகக் கிடைத்தது அவர் நின்று சமைக்கிற நிகழ்ச்சி. அவரை உலகத்துக்குத் தெரியவைத்ததோ அடுத்த வருடம் தொடங்கிய "டைனர்ஸ், டிரைவ்-இன்ஸ் அண்ட் டைவ்ஸ்". ஊர் ஊராகப் போய் மற்றவர் சமைத்ததைச் சாப்பிடும் நிகழ்ச்சி. இரண்டு பேரையும் உள்ளே கூட்டிவந்தது தொழில், நிலைக்கவைத்தது அடுத்தவர் மேல் இருக்கும் ஆர்வம். அதைப் போட்டி வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது, ஆனால் போட்டி வைத்துக் கண்டுபிடிக்கலாம் போலிருக்கிறது.

புது நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது

ஜெயித்த மறுநாளே கேமரா ஓடத் தொடங்கிவிடாது. முதலில், இந்த ஆள் எதற்கு நல்லவர் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். நிறம் என்றால் பிரோம்ஸ்டாட். இரண்டாவது சீசனில் ஜெயித்த கிம் மைல்ஸ் நியூயார்க்கில் முடிக்குச் சாயம் போடும் தொழிலில் இருந்துகொண்டே அலங்காரத்தைத் தானாகக் கற்றவர், அவருக்கு "மைல்ஸ் ஆஃப் ஸ்டைல்" என்று பெயரையே வைத்து ஒரு நிகழ்ச்சி. நாலாவது சீசன் அன்டோனியோ பலடோரே செட் போடுகிறவர், உடம்பெல்லாம் பச்சை, கூடவே ஒரு புல்டாக். அவரை நாசூக்கான வரவேற்பறையில் நிறுத்தினால் எடுபடாது என்று தெரிந்து, "தி அன்டோனியோ டிரீட்மென்ட்" என்று கொஞ்சம் முரட்டு வேலை கொடுத்தார்கள். ஐந்தாவது சீசன், 2010, எமிலி ஹென்டர்சன். போட்டோ ஷூட்டுகளுக்குப் பொருட்களை அடுக்கி அழகாக்கும் ஸ்டைலிஸ்ட். அவருக்கு "சீக்ரெட்ஸ் ஃப்ரம் எ ஸ்டைலிஸ்ட்". ஒவ்வொரு பெயரிலும் அந்த ஆள் யார் என்பது இருக்கிறதா? அதுதான் அந்த ஒரு வரி.

அப்புறம் தயாரிப்பு. சேனல் பெரும்பாலும் தானே எடுப்பதில்லை, ஒரு ப்ரொடக்‌ஷன் கம்பெனியிடம் கொடுக்கும். சாதாரணமாகப் புது நிகழ்ச்சி என்றால் பைலட் என்று ஒரு மாதிரி எபிசோட் எடுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மீதியை எடுக்கச் சொல்வார்கள். போட்டியில் ஜெயித்தவருக்கு அந்தத் தடை கொஞ்சம் லேசாகிறது, ஏனென்றால் மாதிரியைத்தான் ஊரே பல வாரம் பார்த்தாயிற்றே. ஆனால் கிடைப்பது ஒரு சீசன். அதற்குப் பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்குதான் பேசும்.

வீட்டுக்காரர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பலரும் கேட்பதுண்டு. விளம்பரம் கொடுத்து விண்ணப்பம் வாங்குவார்கள். வீடு படப்பிடிப்புக் குழு இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், ஆட்கள் கேமரா முன்னால் வாயைத் திறந்து பேச வேண்டும். இலவசமாகச் செய்துகொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை நிகழ்ச்சிகள் பலவற்றில் பொருளுக்கும் வேலைக்கும் ஆகும் பணத்தை வீட்டுக்காரரே போடுகிறார், டிசைனருக்கான கூலி, கொஞ்சம் பொருட்கள், சில ஸ்பான்சர் சமாச்சாரங்கள் மட்டும் நிகழ்ச்சியின் கணக்கில் வரும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இது மாறும்.

அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக சுமார் 22 நிமிடம்தான் கையில். அந்த 22 நிமிடத்துக்குள் வீட்டுக்காரர் குறை சொல்ல வேண்டும், டிசைனர் யோசனை சொல்ல வேண்டும், கடைக்குப் போக வேண்டும், நடுவில் ஏதாவது ஒன்று உடைய வேண்டும் அல்லது வர வேண்டிய டைல்ஸ் வராமல் போக வேண்டும், கடைசியில் கண்ணைத் திறந்து பாருங்கள் என்று அறையைக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிக் காட்சிக்குத்தான் எல்லாமே. வீட்டுக்காரர் முதல்முறை பார்த்து வாயைப் பிளக்கிற அந்த நொடியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் பல கேமராவை முன்கூட்டியே ஒளித்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு குஷனைத் தொட்டுப் பார்ப்பது, ஜன்னலோரம் நின்று சிரிப்பது எல்லாம் நிதானமாக, தேவைப்பட்டால் இரண்டு மூன்று தடவையும் எடுப்பார்கள்.

தொகுப்பாளர் ஒற்றை ஆளாக எல்லாம் செய்வது போலத் தெரியும். உண்மையில் பின்னால் ஒரு சின்னப் பட்டாளமே இருக்கும்: பெயின்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், திரை தைக்கிறவர், கடைகளுக்கு ஓடுகிறவர், எந்தப் பொருள் எந்த நாளில் வரும் என்று கணக்கு வைத்திருக்கிறவர். டிசைனர் பெயின்ட் உருளையை எடுத்து நாலு இழுப்பு இழுப்பது கேமராவுக்கு, மீதிச் சுவரைப் பெயின்டர் முடிப்பார். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், ஊரில் எந்த டிசைனரும் தானே பெயின்ட் அடிப்பதில்லையே. ஏமாற்றுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் சங்கதிகளும் உண்டு. இதே சேனலில் பல காலமாக ஓடும் "ஹவுஸ் ஹன்டர்ஸ்" நிகழ்ச்சியில் மூன்று வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், படப்பிடிப்புக்கு முன்பே அதில் ஒன்றை வாங்கி முடித்திருப்பார்கள் என்பது 2012-இல் வெளியே வந்தது. யோசிப்பது மாதிரி அவர்கள் செய்த பாவனை மட்டும்தான் நமக்குக் கிடைத்தது. தயாரிப்புக்கு நேரம் குறைவு, அதனால் அப்படி என்று சேனல் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அதனால் யாரும் பார்ப்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால் விளம்பரத்திலிருந்துதான், ஆனால் இடைவேளை விளம்பரம் மட்டும் இல்லை. நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு பெயின்ட் டப்பா லேபிள் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்திருக்கும், ஒரு கடைக்குப் போகும்போது வாசல் போர்டு இரண்டு நொடி அதிகமாக நிற்கும். ஹெச்ஜிடிவி தன் பெயரிலேயே ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பெயின்ட் விற்கிறது. சுவரில் புது நிறம் பார்த்து ஆசைப்படும் நேயர் அடுத்து எங்கே போவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜெயித்தவர்கள் எல்லோரும் நிலைத்தார்களா?

இல்லை. பலருடைய நிகழ்ச்சி ஓரிரு சீசனோடு முடிந்தது. ஜெயித்தவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் ஒரு நிகழ்ச்சியை அவசரமாக உருவாக்கி, சரியான யோசனை அமையாமலே ஒளிபரப்பிவிடுவது இந்த ஏற்பாட்டில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். போட்டியின்போது ஜனங்களுக்குப் பிடித்தது எதிராளிகளுக்கு நடுவில் நின்ற அந்த மனிதரை. போட்டி முடிந்ததும் எதிராளி போய்விடுவார், பதற்றமும் போய்விடும். அமைதியான ஒரு வரவேற்பறையில் ஒரு தம்பதியோடு தனியாக நிற்க வேண்டும். அதே ஆளே கொஞ்சம் மங்கிப்போனது போல இருக்கும்.

ஆனால் நிகழ்ச்சி முடிவது தொழில் முடிவதாக ஆகாது. எமிலி ஹென்டர்சன் நிகழ்ச்சி இரண்டு சீசனோடு நின்றது. அவர் அதற்குள் இணையத்தில் எழுதத் தொடங்கியிருந்தார், டிவியால் தெரிந்துகொண்டவர்கள் அங்கே வந்தார்கள், டார்கெட் போன்ற பெரிய கடைகளோடு வேலை செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. டிவியில் நீடித்திருந்தால் இந்த அளவு வளர்ந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். 2013-இல் ஜெயித்த டிஃபனி புரூக்ஸ் கதை வேறு. சிகாகோ பக்கத்துக்காரர். முதலில் கிடைத்த நிகழ்ச்சி வீட்டிலேயே சங்கடப்படவைக்கும் அறைகளைச் சரிசெய்வது பற்றி, அது பெரிதாகப் பேசப்படவில்லை. சேனலும் அவரை விடவில்லை, அவரும் சேனலை விடவில்லை. வருடா வருடம் சேனல் ஒரு வீட்டைக் கட்டி, நேயர்களுக்குக் குலுக்கலில் பரிசாகக் கொடுக்கும். "ஸ்மார்ட் ஹோம்" என்ற அந்த வீட்டின் அலங்காரம் பல வருடம் அவர் பொறுப்பில் இருந்தது. 2021-இல் "50கே த்ரீ வேஸ்" என்று இன்னொரு நிகழ்ச்சியும் கிடைத்தது, ஐம்பதாயிரம் டாலரில் ஒரே இடத்தை மூன்று விதமாக எப்படி மாற்றலாம் என்று காட்டுவது. முதல் நிகழ்ச்சியைவிட இதற்கு யோசனை எவ்வளவு தெளிவு பாருங்கள்.

2013-க்குப் பிறகு போட்டி நின்றுவிட்டது. 2021-இல் "டிசைன் ஸ்டார்: நெக்ஸ்ட் ஜென்" என்று திரும்ப வந்தது, இந்த முறை ஸ்ட்ரீமிங்கில். ஜெயித்தவர் மெம்ஃபிஸ் நகரத்தின் கார்மியன் ஹாமில்டன். அவருக்குக் கிடைத்த "ரெனோ மை ரென்டல்" நிகழ்ச்சியை எனக்குப் பிடிக்கக் காரணம் அது எடுத்துக்கொண்ட விஷயம்: வாடகை வீடு. சுவரை உடைக்க முடியாது, ஓனரைக் கேட்காமல் பெரிய மாற்றம் எதுவும் செய்ய முடியாது, காலி செய்யும்போது பழையபடி விட்டுப் போக வேண்டும். இந்தக் கட்டுக்குள் என்ன செய்யலாம்? பிய்த்தெடுக்கக்கூடிய வால்பேப்பர், கழற்றி எடுத்துப் போகக்கூடிய விளக்கு, விரிப்பு, திரை. வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும், எந்த நாட்டிலும், இந்தத் தவிப்பு புரியும். சமையலறையை இடித்துப் பளிங்கு போடும் நிகழ்ச்சிகள் நடுவில் இப்படி ஒன்று வந்தது ஆறுதல்.

பரிசாக வராத நிகழ்ச்சி

பிரிட்டனில் வேறு விதம். பிபிசியில் 2019-இல் தொடங்கிய "இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்" போட்டியில் தலைமை நடுவர் மிஷெல் ஒகண்டஹின், எல் டெகரேஷன் பத்திரிகையின் பிரிட்டன் பதிப்புக்கு ஆசிரியராக இருந்தவர். டிவிக்காரரை விடப் பத்திரிகைக்காரர், அதனால் கேள்விகளும் வேறு: இந்த இடம் வேலை செய்கிறதா, முடிவு சுத்தமாக இருக்கிறதா. ஜெயித்தவருக்கு ஒரு அலங்கார ஒப்பந்தம் கிடைக்கும். டிவி நிகழ்ச்சி கிடையாது. நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட பதில் இது.

அப்படியும் மூன்றாவது சீசனில், 2022-இல், ஜெயித்த பான்ஜோ பீல் டிவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்திரேலியாக்காரர், ஸ்காட்லாந்தின் மல் தீவில் குடியேறியவர். அடுத்த வருடம் அவரை வைத்து "டிசைனிங் தி ஹெப்ரிடீஸ்" வந்தது. துணைவர் ரோ, கிராம்பா என்ற நாய், இவர்களோடு தீவு தீவாகப் போய் அங்கிருக்கும் பழைய கட்டடங்களை மாற்றியமைப்பார். தீவு என்பதால் கடைக்கு ஓடிப் போய் வாங்கும் வசதி இல்லை, பொருள் படகில் வர வேண்டும், கடல் கொந்தளித்தால் படகு வராது, கரையில் ஒதுங்கிய கட்டையும் பழைய கொட்டகையில் கிடக்கும் இரும்பும்தான் கைக்கு வரும். இந்த நிகழ்ச்சியில் பதற்றத்தை யாரும் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை, வானிலையே கொடுத்துவிடுகிறது. போட்டி முடிந்த பிறகு ஆள் மங்கிப்போகும் அந்தப் பிரச்சினை அவருக்கு வராததற்குக் காரணம், அவருக்கென்று ஒரு ஊர் இருந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. அவரைக் காட்டினாலே அந்தத் தீவும் கூட வந்துவிடுகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் "கலர் ஸ்பிளாஷ்" பழைய எபிசோட் ஒன்று, "மை லாட்டரி டிரீம் ஹோம்" ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆள், இரண்டு வேலை. அப்புறம் ஏதாவது ஒரு போட்டியின் சீசனை எடுத்து, அறைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடுவர் பேசும்போது மற்றப் போட்டியாளர்கள் முகத்தில் என்ன ஓடுகிறது, ஒருவர் வெளியேறும்போது யார் போய்க் கட்டிப்பிடிக்கிறார், யார் ஒரு துணியைக் காட்டி விளக்கும்போது உங்களுக்கே எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள். நாலாவது எபிசோடில் ஒரு பெயரைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அறைகளை மட்டும் பார்த்து எழுதிய நண்பரோடு பந்தயம் கட்டினால் நீங்கள் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.